நோயாளியின் பெயரைக் காப்பாற்றுவது எப்படி? கிளினிக்குகளுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் அடையாளத் திருட்டைத் தடுக்கும் வழிகாட்டி

அந்த அம்மாவுக்கு வயது 46. கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்காக முந்தின நாள் மாலை அட்மிட் ஆகியிருந்தார். எங்கள் மருத்துவமனையின் பழைய ஃபைலில் அவருடைய ரத்த வகை பி பாசிட்டிவ் என்று இருந்தது. ரத்த வங்கிக்குப் போன சாம்பிளோ ஓ பாசிட்டிவ் என்று திரும்பி வந்தது. சாம்பிள் மாறிவிட்டதோ என்று மறுபடி எடுத்து அனுப்பினோம். மறுபடியும் ஓ. ஓ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏறினால் உடம்பு அந்த அணுக்களை உடைக்கத் தொடங்கிவிடும். சிறுநீரகம் பழுதாகும், உயிரே போகலாம். ரத்த வங்கிக்காரர்கள் யாருடைய பழைய ஃபைலையும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பரிசோதிப்பது இதனால்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்து படுத்தது இவர் இல்லை, இவருடைய தங்கை. அக்கா கணவரின் கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையைக் காட்டி, அக்கா பெயரிலேயே அட்மிட் ஆகி, அக்கா பெயரிலேயே டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார். அட்டையில் புகைப்படம் இல்லை. நாங்களும் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. "தங்கச்சி வலியில துடிச்சா சார், கையில காசு இல்ல, வேற என்ன பண்றது?" என்று அந்த அம்மா அழுதார்.

அக்காவின் ஃபைலில் இருந்ததெல்லாம் தங்கையின் உடம்பு. தங்கையின் ரத்த வகை, தங்கையின் சர்க்கரை அளவு, தங்கைக்குள்ள பென்சிலின் ஒவ்வாமை, கூடவே 'பித்தப்பை அகற்றப்பட்டவர்' என்ற குறிப்பு. நாளைக்கு அக்கா வயிற்று வலியோடு வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்ற எண்ணமே டியூட்டி டாக்டருக்கு வராது. தங்கை வேறு ஊரில் மயங்கி விழுந்தால் அவருடைய ஒவ்வாமை அவர் பெயரில் எங்கும் பதிவாகியிருக்காது.

மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் 19 வருடமாக வேலை செய்கிறேன். அடையாளத் திருட்டு என்றதும் எல்லோரும் பணத்தையும் ஹேக்கரையும் நினைக்கிறார்கள். எங்கள் இடத்தில் அது முதலில் சிகிச்சையைக் கெடுக்கும் விஷயம். ஒருவர் பெயரில் இன்னொருவரின் உடம்பு பதிவானால் அடுத்துப் பார்க்கும் டாக்டர் இல்லாத ஒரு ஆளுக்கு மருந்து எழுதுகிறார். பாசத்தில் அட்டையை இரவல் கொடுக்கும் அக்காவும், நோயாளிகளின் பட்டியலை டெலிகிராமில் விற்கும் திருடனும் உள்ளே வரும் கதவுகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஐ.டி. துறை வைத்திருக்கும் பெரிய மருத்துவமனைகளுக்காக நான் இதை எழுதவில்லை. ரிசப்ஷனில் இரண்டு பேர், ஒரு பில்லிங் கம்ப்யூட்டர், ஒரு பதிவேட்டு அறை என்று ஓடும் இடங்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ரிசப்ஷனில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்

நம் ஊரில் ஒரே நாள் ஓ.பி.யில் நான்கு செல்விகள் வருவார்கள். எம். செல்வி, ஆர். செல்வி, பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்ட செல்வி எம்., எழுத்தே இல்லாத செல்வி. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து என்று அதுவும் மாறும். பிறந்த தேதியை நம்பலாமா என்றால், பள்ளியில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்டுவிட்ட மே, ஜூன் தேதிகள் ஒரு தலைமுறைக்கே உண்டு. வயதான பலரின் ஆதாரில் ஜனவரி 1 என்றோ, வெறும் வருடம் என்றோதான் இருக்கும். ஆகவே ஒரே ஒரு விவரத்தை வைத்து ஆளை உறுதி செய்யக் கூடாது. குறைந்தது இரண்டு விவரமாவது பொருந்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே சொன்ன பாதுகாப்பு விதி. நம் பெயர் வழக்கத்துக்கு நான் மூன்று என்பேன்: முழுப் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி அல்லது கைபேசி எண்.

இதைவிட முக்கியம், கேட்கும் விதம். "செல்வி தானே? கணவர் பேரு முருகன் தானே?" என்று கேட்டால் காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். இரவல் அட்டையோடு வந்தவருக்கோ பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா. வீட்டுக்காரர் பேரு? எந்த ஊரு?" என்று அவர் வாயால் வர வையுங்கள். வந்த பதிலைத் திரையோடு ஒப்பிடுங்கள். ரிசப்ஷனில் நிற்பவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் இது. பத்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

அடுத்தது புகைப்படம். கம்ப்யூட்டரில் சாதாரண வெப்கேமரா ஒன்றை மாட்டி, புதிதாகப் பதிவு செய்யும் ஒவ்வொருவரையும் சம்மதம் கேட்டு ஒரு படம் எடுத்துப் பதிவில் சேருங்கள். என் அனுபவத்தில் அட்டையை இரவல் கொடுக்கும் வழக்கத்தை இதைப்போல வேறெதுவும் நிறுத்தவில்லை. படம் வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. முகம் மூடியிருக்கும் பெண்களுக்குப் பெண் ஊழியர் ஒருவர், தனி இடத்தில் எடுக்க வேண்டும்.

கைபேசி எண் கட்டத்தை ஏதோ ஒரு எண்ணால் நிரப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதன் விளைவைத் தெரிந்துகொள்ள, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் பாருங்கள். ஒன்பதைப் பத்து முறை அடித்த ஒரே எண்ணில் 7,49,820 பயனாளிகள். தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களின் மீது 4,761 பதிவுகள். இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகள் பெயரில் பிறகும் சிகிச்சைக்குப் பணம் கோரப்பட்டிருந்தது. போலி எண் இருந்தால் யாரையும் கூப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எண் இல்லாதவர் என்றால் 'எண் இல்லை' என்று எழுதுங்கள். கூட வந்தவரின் எண் என்றால் யாருடையது, என்ன உறவு என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

அவசரச் சிகிச்சைக்கு இதில் எதுவும் தடையாகக் கூடாது. அடிபட்டு வருபவரை முதலில் காப்பாற்றுவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அப்படி வருபவருக்குத் தற்காலிக எண் கொடுத்து, 'அடையாளம் உறுதி செய்யப்படவில்லை' என்று ஃபைலின் மேலேயே எழுதிவிடுங்கள். கூட வந்தவர் சொன்ன பெயரை நம்பி பழைய ஃபைலோடு உடனே இணைத்துவிடாதீர்கள். பிரித்து வைத்ததைப் பின்னால் சேர்ப்பது எளிது. சேர்த்ததைப் பிரிப்பது எவ்வளவு பாடு என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 2: ஆதார் நகல் எதற்கு என்று உங்களையே கேளுங்கள்

தலைவலிக்கு வந்தவரிடமும் ஆதார் நகல் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. ஏன் என்று கேட்டால் "எதுக்கும் இருக்கட்டும்னு" என்பார்கள். 'எதுக்கும்' வாங்கிய அந்தத் தாள்தான் பிறகு ஒருவர் பெயரில் சிம் வாங்கவும் கடன் எடுக்கவும் பயன்படுகிறது. சாதாரண ஓ.பி. நோயாளிக்கு ஆதார் நகல் தேவையில்லை. காப்பீடு, அரசுத் திட்டம், சட்டம் கேட்கும் சில பதிவுகள் என்று தேவை உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போதும் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதுமா என்று முதலில் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து யாரும் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே 'காப்பீட்டுக் கோரிக்கைக்கு மட்டும்' என்று தேதியோடு நோயாளி கையாலேயே எழுத வையுங்கள். அட்டை உண்மையா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எழுத்தையும் படத்தையும் மாற்றி அச்சடிப்பது இன்று சின்ன வேலை. அட்டையில் உள்ள கியூஆர் குறியை ஆணையத்தின் செயலியால் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும். எதிரே நிற்பவரோடு ஒப்பிடுங்கள்.

ரிசப்ஷன் பெண்ணின் சொந்த போனில் ஆதாரைப் படம் பிடித்து, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் படம் அவர் போனில், கடைக்காரர் கம்ப்யூட்டரில், இரண்டு பேரின் கூகுள் கணக்கில் என்று நான்கு இடத்தில் தங்கிவிடுகிறது. மலிவான ஸ்கேனர் ஒன்றை வாங்கி வையுங்கள்.

ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணையத்தில் இணைக்க அரசு தரும் 14 இலக்க ஆபா எண்ணும் இதே ரகம். அது கட்டாயமில்லை, நோயாளியின் விருப்பம். அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, என்ன ஏதென்று சொல்லாமலே ஆபா உருவாக்கித் தருவதைச் சில இடங்களில் சேவையாகவே நினைக்கிறார்கள். ஓ.டி.பி.யை அந்நியரிடம் சொல்லலாம் என்ற பழக்கத்தை நாமே ஏற்படுத்துகிறோம் என்பதை யோசியுங்கள்.

படி 3: காகிதம்

பஜ்ஜி மடித்த தாளில் ஒருவரின் லேப் ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். பெயர், வயது, டாக்டர் பெயர், சர்க்கரை அளவு எல்லாம் எண்ணெய்க்கு நடுவே தெளிவாக இருந்தது. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்ட மூட்டையிலிருந்துதான் அது வந்திருக்கும். எங்கள் மருத்துவமனைத் தாளாக இல்லாவிட்டாலும் அன்று மாலையே பரணில் இருந்த மூட்டைகளைப் போய் எண்ணினேன்.

முதலில் எதை எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள். ஸ்கேன் சென்டர்கள் கர்ப்பிணிகளுக்காக நிரப்பும் எஃப் படிவம் 2 ஆண்டுகள். கருக்கலைப்புச் சேர்க்கைப் பதிவேடு கடைசிப் பதிவிலிருந்து 5 ஆண்டுகள். அது இரகசிய ஆவணம் என்று விதியே சொல்கிறது. போலீஸ் கேஸ், நீதிமன்ற வழக்கு உள்ள ஃபைல்கள் வழக்கு முடியும்வரை. காலம் முடிந்ததும் 'இருக்கட்டும்' என்று பரணில் போடாதீர்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் 1.5 லட்சம் நோயாளிகளின் விவரம் இணையத்தில் விற்பனைக்கு வந்ததாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அவை 2007 முதல் 2011 வரையிலான பதிவுகள். பத்து வருடம் கழிந்தும் அவற்றை விற்க ஒருவர் இருந்தார். வங்கி அட்டையை ரத்து செய்து புதிது வாங்கலாம். பிறந்த தேதியையும் நோயையும் மாற்ற முடியாது.

அழிப்பதென்றால் நீளநீளமாகக் கிழிக்கும் இயந்திரம் போதாது. ஒட்டிவைத்துப் படித்துவிடலாம். குறுக்கும் நெடுக்குமாகத் துண்டாக்கும் ஷ்ரெடர் வேண்டும். மூட்டை அதிகமென்றால் வெளி ஆளைக் கூப்பிடலாம். உங்கள் ஊழியர் ஒருவர் கூடவே நின்று, முடிந்ததும் தேதி, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு பக்கம் அச்சான பழைய ரிப்போர்ட்டின் வெற்றுப் பக்கத்தில் டோக்கன் எழுதிக் கொடுப்பது, ஊழியர் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட எடுத்துப் போவது, கவுண்ட்டரில் பேரேட்டை விரித்து வைத்து அடுத்தவர் படிக்கும்படி கையெழுத்து வாங்குவது, வார்டுச் சுவரில் பெயரும் நோயும் எழுதிய பலகை. ஒவ்வொன்றும் சின்னது, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிறுத்திவிடலாம். எச்.ஐ.வி. நிலையைக் காட்டும் சிவப்பு மையும் ஃபைல் மேல் ஒட்டும் குறியும் இன்னும் சில இடங்களில் உள்ளன. அந்தத் தகவலைக் காக்க 2017இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த ஒட்டுக்காகவே ஊரைவிட்டுப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும்.

படி 4: டாக்டரின் பெயரும் திருடப்படும்

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நாமே கொடுத்து விடுகிறோம். வெறும் லெட்டர் பேடில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு, "நான் வர்றதுக்குள்ள தேவைப்பட்டா எழுதிக்கோங்க சிஸ்டர்" என்று விட்டுப்போகும் டாக்டர்கள் இருக்கிறார்கள். காப்பீட்டுப் படிவத்திலும் எஃப் படிவத்திலும்கூட அப்படி. அந்தத் தாளில் போதைக்காகத் தேடப்படும் டபென்டடால் வலி மாத்திரையும் எழுதலாம், பொய் மருத்துவச் சான்றிதழும் எழுதலாம். மாட்டிக்கொள்வது பதிவு எண்ணுக்குச் சொந்தக்காரர். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். இந்த ஒன்றில் விதிவிலக்கே வைக்காதீர்கள்.

மருந்துச் சீட்டுப் புத்தகத்துக்கு வரிசை எண் போட்டு அச்சடியுங்கள். மொத்தக் கட்டுகள் பூட்டிய அலமாரியில், மேசையில் ஒன்றே ஒன்று. எந்த எண் யாரிடம் போனது என்று ஒரு நோட்டு. மருத்துவச் சான்றிதழுக்கு அடிக்கட்டை உள்ள தனிப் புத்தகம். ஒரு கம்பெனி கூப்பிட்டு 'இது உங்கள் சான்றிதழா' என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். சீல் டாக்டரின் பையில் இருக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அப்படியே. வேலை முடிந்தும் அதைப் பில்லிங் கம்ப்யூட்டரில் சொருகியே வைப்பது காசோலைப் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைப்பதற்குச் சமம்.

சுற்றியுள்ள மருந்துக் கடைக்காரர்களோடு பேசி வையுங்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்துகளுக்கு அவர்கள் தனிப் பதிவேடு வைத்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து உண்டு. "அண்ணே, எங்க சீட்டுல தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ வழக்கத்துக்கு மேல எழுதியிருந்தா இந்த எண்ணுக்கு ஒரு கால் பண்ணுங்க" என்று சொல்லி ஒரு நேரடி எண்ணைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்து திருடுபோன சீட்டுகள் பெரும்பாலும் கடைக்காரரின் சந்தேகத்தால்தான் பிடிபட்டிருக்கின்றன.

புதிய டியூட்டி டாக்டரை வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழ் நகலை மட்டும் நம்ப வேண்டாம். வேறொருவரின் பதிவு எண்ணோடு வேலை பார்த்துப் பிடிபட்டவர்கள் பற்றிச் செய்தி அடிக்கடி வருகிறது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள், அசல் சான்றிதழை வாங்கிப் பாருங்கள், முன்பு வேலை செய்த இடத்துக்கு நீங்களே எண்ணைத் தேடிப் பேசுங்கள். அவர் கொடுத்த எண்ணுக்குப் பேசாதீர்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேட்டில் உங்கள் டாக்டர்களும் தங்கள் விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். செவிலியர், லேப் டெக்னீஷியனுக்கும் இதே வழிதான்.

படி 5: ஆளுக்கொரு பாஸ்வேர்டு

மானிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டாத மருத்துவமனைகளை எண்ணிவிடலாம். மூன்று ஷிப்டும் ஒரே பெயரில் உள்ளே போனால், யார் எந்த ஃபைலைத் திறந்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். 2023 ஜூனில் அரசின் கோவின் தளத்திலிருந்த கொரோனா தடுப்பூசி விவரங்களை டெலிகிராமில் தானாகப் பதில் தரும் ஒரு பாட் அள்ளிக் கொடுத்தபோது, பீகாரில் கைதானவரின் தாய் ஒரு சுகாதாரப் பணியாளர் என்று செய்திகள் வந்தன. உள்ளே இருப்பவரின் பாஸ்வேர்டு வெளியே போக எவ்வளவு சின்ன வழி போதும் என்று அப்போது நினைத்தேன்.

ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. ரிசப்ஷனுக்குப் பதிவும் பில்லும் தெரிந்தால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டாம். மருந்தகத்துக்குச் சீட்டு போதும். ஒருவர் வேலையை விட்டால் கடைசிச் சம்பளம் கொடுப்பதற்கு முன்பே அவர் கணக்கை மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை, யார் எத்தனை ஃபைல் திறந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அட்மிட் ஆன வாரத்தில் அவர் ஃபைல் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைப் பார்த்து நானே திடுக்கிட்டேன்.

வெளியிலிருந்து உள்ளே வரும் எல்லா வழிகளிலும், அதாவது மின்னஞ்சல், மென்பொருள், காப்பீட்டுத் தளம் எல்லாவற்றிலும், பாஸ்வேர்டோடு இரண்டாவது பூட்டாக ஓ.டி.பி. அல்லது அங்கீகாரச் செயலி இருக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவப் பில்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்குள் 2024 பிப்ரவரி 12இல் திருடர்கள் நுழைந்தது, திருடிய ஒரு பாஸ்வேர்டோடு, இந்த இரண்டாவது பூட்டு இல்லாத ஒரு வாசல் வழியாக. 2.2 கோடி டாலர் பிணைத்தொகை கொடுத்தும் சுமார் 19 கோடிப் பேரின் விவரம் போனது போனதுதான்.

டெல்லி எய்ம்ஸ் 2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலில் முடங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. இரண்டு வாரங்கள் வரை பேனாவும் தாளுமாக ஓடினார்கள். வலையமைப்பைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நம் அளவில் இதன் பொருள் ஒன்றுதான்: காத்திருக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் வைஃபையும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது. இணையம் போடும் பையனிடம் தனி கெஸ்ட் வைஃபை வேண்டும் என்று சொன்னால் அரை மணி நேர வேலை.

தினமும் பேக்கப் எடுத்து, ஒரு பிரதியைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் பூட்டி வையுங்கள். செருகியபடியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். சிசிடிவி கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் கேமராக் காட்சிகள் விற்கப்பட்டதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பரிசோதனை அறையில் கேமராவே இருக்கக் கூடாது.

படி 6: வாட்ஸ்அப்பும் போனும்

நள்ளிரவில் ஈ.சி.ஜி. படத்தை இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பல உயிர்கள் பிழைக்கின்றன. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். படம் பிடிக்கும் முன் பெயரின் மேல் விரலையோ தாளையோ வைத்து மறையுங்கள், படுக்கை எண்ணும் ஃபைல் எண்ணும் எழுதுங்கள். மறைந்துபோகும் செய்தி வசதியைப் போட்டு வையுங்கள். போன் கேலரியில் தானாகச் சேமிப்பதை அணையுங்கள். வேலையை விட்டவரைக் குழுவிலிருந்து அன்றே நீக்குங்கள்.

மருத்துவமனையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இரண்டடுக்குப் பின் எண் போடுங்கள். அந்தக் கணக்கு பறிபோனால் திருடன் உங்கள் பெயரில் நோயாளிகளிடம் முன்பணம் கேட்பான். 'கூரியர் வந்திருக்கு, 401 சேர்த்து இந்த எண்ணை டயல் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் அது உங்கள் அழைப்புகளைத் திருடனுக்குத் திருப்பிவிடும் வழி. 'நான் ராணுவ அதிகாரி, 25 ஜவான்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும், பணம் அனுப்ப உங்க கார்டு விவரம் குடுங்க' என்ற அழைப்பு நாடு முழுக்க லேப்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பணம் பெறுவதற்கு யாரும் பின் எண்ணோ ஓ.டி.பி.யோ கொடுக்க வேண்டியதில்லை என்று ரிசப்ஷனில் எழுதி ஒட்டுங்கள்.

போனில் ரிப்போர்ட் கேட்பவரிடம் படி 1இன் மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கணவர் என்று சொல்பவரானாலும் நோயாளி சம்மதித்திருக்க வேண்டும்.

படி 7: வெளியாட்கள்

மென்பொருள்காரர், வெளி லேப், காப்பீட்டு இடைநிலை நிறுவனம், டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்து தருபவர். யாரிடம் எந்த விவரம் போகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது நீங்களே அதிர்ந்து போவீர்கள். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும், கசிந்தால் அன்றே சொல்ல வேண்டும். மென்பொருள் பழுது பார்க்க வரும் ரிமோட் செயலி பழுது பார்க்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

படி 8: கசிந்துவிட்டது என்று தெரிந்தால்

பதற்றத்தில் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சாட்சி போய்விடும். இணைய ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், திரையைப் படம் பிடியுங்கள், நேரத்தை எழுதுங்கள். பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைப்பது. சீக்கிரம் சொன்னால் வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். தரவுக் கசிவும் அடையாளத் திருட்டும் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு இருக்கிறது. கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவு. அடுத்தவர் பாஸ்வேர்டையோ மின்னணுக் கையெழுத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே புகார் எழுதுங்கள்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம். அதன்படி கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், நோயாளியிடம் மறைக்காதீர்கள். எது போனது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று எளிய தமிழில் சொல்லுங்கள்: ஆதாரின் கைரேகையைப் பூட்டுவது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பது, சந்தேக அழைப்பு வந்தால் எங்களைக் கூப்பிடுவது.

படி 9: கலந்துபோன ஃபைலைப் பிரிப்பது

மேலே சொன்ன அக்கா தங்கை போல ஒருவர் வந்து, 'இந்த ஃபைலில் இருப்பது நான் இல்லை' என்று சொன்னால் முதலில் நம்புங்கள். பயத்திலோ வெட்கத்திலோ பலர் சொல்லாமலே போய்விடுகிறார்கள். 'கேஸ் போட்டுடுவோம்' என்று ரிசப்ஷனில் மிரட்டினால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்மையைச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது, அதை நிர்வாகமும் வக்கீலும் பார்த்துக்கொள்ளட்டும். பதிவேட்டு அறையின் வேலை உடம்புகளைப் பிரிப்பது.

பழைய பதிவை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. தவறான ஒவ்வொரு வரியின் மேலும் படிக்கும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம், தேதி, டாக்டர் கையெழுத்து. உண்மையில் சிகிச்சை பெற்றவருக்குப் புது ஃபைல் எண் கொடுத்து, அவருடைய லேப், மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். இரண்டு ஃபைலிலும் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டரிலும் அதே திருத்தம், பேக்கப்பிலும்கூட. பிறகு அந்தப் பதிவு எங்கெங்கே போனது என்று தேடிப் போங்கள்: ரத்த வங்கி, வெளி லேப், காப்பீட்டு நிறுவனம், மேல்சிகிச்சைக்கு அனுப்பிய மருத்துவமனை, ஆபா பதிவு. ஒவ்வொரு இடத்துக்கும் கடிதம், வந்த பதிலுக்கு ஃபைலில் இடம்.

அந்த அக்காவின் ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளிவைத்து, எல்லாப் பரிசோதனையும் அவர் பெயரில் புதிதாக எடுத்தோம். தங்கையைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னபோது முதலில் வரமாட்டேன் என்றார். "உங்களைப் பிடிக்க இல்லம்மா, பென்சிலின் ஊசி உங்களுக்கு ஆகாதுன்னு உங்க பேர்ல ஒரு தாள் வேணும், அதுக்குத்தான்" என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். வெப்கேமரா முன்னால் உட்கார வைத்து, அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, புது எண் போட்டேன். ஒவ்வாமை அட்டையை லேமினேட் செய்து கையில் கொடுத்ததும், அதைத் தாலிக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அக்காவின் வார்டுக்குப் போனார்.